சொட்டு விழும் வேகம்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு இரும்பு மருந்து ஏற்றிய இரண்டாவது நாளில் நடந்ததை விவரமாக எழுதி அனுப்பும்படி கேட்டாய். உங்கள் ஆய்வுகூடத்தில் அடுத்த மாதம் நடக்கும் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், அதை ஓர் உதாரணமாக எடுத்துப் பேசப்போவதாகவும் சொன்னாய். எனக்கு வியர்த்துவிட்டது. நம் வீட்டு விஷயம் ஒன்று சிங்கப்பூரில் படித்தவர்கள் கூடியிருக்கும் அறையில் பேசப்படப் போகிறது. அதில் பாதி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். ஆகவே மகனே, அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடு. நீளமாகத்தான் இருக்கும். அறுபத்திரண்டு வயதில் தன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதைச் சுருக்கமாகச் செய்ய எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அம்மாவுக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு என்பது உனக்குப் புதிய சேதி அல்ல. நம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களில் பலருக்கும் அது இருப்பதால் நான் அதை ஒரு வியாதியாகவே எண்ணியதில்லை. மலையில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்குவாள். "வயசாகுது, மெதுவா ஏறு" என்பேன். அவளுக்கு என்ன வயது? என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கினால் வயிறு எரிகிறது, குமட்டுகிறது என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போடு என்று சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். பல மாதத்து மாத்திரைகள் அரிசி வாளிக்குப் பின்னால் அட்டை அட்டையாகக் கிடந்ததை, வாளியை நகர்த்திய ஒருநாள்தான் பார்த்தேன். அதை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிறு ஏற்காவிட்டால் நேரே ரத்தத்தில் ஏற்றும் மருந்து இருக்கிறது, ஆனால் நாலைந்து தடவை வரவேண்டியிருக்கும் என்று அங்கே இருந்த டொக்டர் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உன் வயதுதான் இருக்கும்.

முதல் நாள் எனக்கு ஒரே வேடிக்கையாக இருந்தது. சின்னக் குப்பியில் இருந்த மருந்து கறுப்பு என்றே சொல்லலாம். அதை சேலைன் தண்ணீரில் கலந்ததும் பால் விடாத நல்ல சாயத்தண்ணி நிறத்துக்கு வந்தது. முப்பத்தெட்டு வருஷம் தூள் அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான். ஒரு நிறத்தைப் பார்த்தால் அது எந்த ரகத் தூள், எவ்வளவு நேரம் ஊறியது என்று மனம் தானாகக் கணக்குப் போடும். இதற்கு எனக்குக் கணக்கு வரவில்லை. அடியில் ஒன்றும் தங்கவில்லை, கலங்கலும் இல்லை. இரும்பு என்கிறார்கள், ஏன் அடியில் படியவில்லை என்று தாதியிடம் கேட்டேன். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் பேசுவாள். "மிச்சம் சின்னது ஐயா, கண்ணுக்கு தெரியாது, அதான்" என்று சிரித்தாள். பிறகு குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் மெல்ல உருட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுகளை எண்ணினாள். எண்ணி முடித்து, கொஞ்சம் குறைத்து, மறுபடி எண்ணினாள். அன்றைக்கு அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதுளை பஸ் நிலையத்தில் மீன் வைத்த மாலுபான் வாங்கித் தந்தேன், இரண்டு சாப்பிட்டாள்.

இரண்டாவது நாள் அடுத்த வாரம் வந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குக் கோயில் திருவிழாக் கூட்டம். இந்த வருஷம் என்னைத் தலைவராகப் போடுவதாகப் பேச்சு இருந்தது. நான் இல்லாமல் கூட்டம் நடந்தால் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள் என்ற பயம். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் இதுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வார்ட்டில் அன்று நல்ல நெரிசல். மருந்து ஏற்றத் தொடங்கவே நேரம் போய்விட்டது. பண்டாரவளை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து கொஸ்லந்த பஸ்ஸைப் பிடித்து, மேலே நடந்து போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாதி எண்ணிச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். சொட்டு விழுகிறது, நிற்கிறது, விழுகிறது. போத்தலில் இன்னும் முக்கால்வாசி இருந்தது. நான் எழுந்து குழாயைப் பார்ப்பதுபோல நின்று அந்தச் சக்கரத்தை மேலே தள்ளினேன்.

அம்மா பார்த்தாள். "ஏங்க, அத ஏன் தொடுறீங்க?" என்றாள்.

"சும்மா இரு. கொஞ்சம் வேகமா போனா என்னா, உள்ள போகத்தானே போகுது."

இந்தக் கடிதத்தில் நீ எந்த வரியை வேண்டுமானாலும் மறந்துவிடு, இந்த ஒரு வரியை மறக்காதே. உள்ளே போகத்தானே போகுது என்றேன். சொட்டு தாரையாக ஓடியது. சற்று நேரத்தில், "நெஞ்சு அடைக்குதுங்க" என்றாள். திரும்பிப் பார்த்தால் முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று இருந்தன. மூச்சை இழுக்கிறாள், பாதியில் நிற்கிறது. என் கைக்கு அப்போதும் புத்தி இருந்தது பார், முதலில் சக்கரத்தைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டுத்தான் "மிஸ்! மிஸ்!" என்று கத்தினேன். அவளைக் காப்பாற்ற இறக்கினேனா, என்னைக் காப்பாற்ற இறக்கினேனா என்று இன்றுவரை எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

தாதி ஓடிவந்து மருந்தை நிறுத்தினாள். டொக்டர் வந்தார். மூக்கில் ஒக்சிசன் வைத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், பிரஷர் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு வடிந்தது, மூச்சு சீரானது. டொக்டர் தாதியிடம் சிங்களத்தில் வேகத்தைப் பற்றிக் கேட்டார். எனக்குப் புரிந்தது. தான் இரண்டு தடவை எண்ணியதாகத் தாதி சொன்னாள். சொன்ன பிறகு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் ஏதும் தொட்டனீங்களோ? கோவிக்கேல்லை, தெரிஞ்சா நல்லது, அதுதான் கேக்கிறன்."

"இல்லீங்க டொக்டர். நான் இந்தக் கதிரையிலதான் இருந்தேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டொக்டர் ஒரு தாளை எடுத்து நிரப்பினார். என்ன மருந்து, எத்தனையாவது தடவை, என்ன வேகம், என்ன நேர்ந்தது என்று தனித்தனியாகப் பகுதிகள் இருந்தன. அந்தத் தாள் எங்கே போகும் என்று கேட்டேன். பொய் சொன்னவனுக்கு அந்த ஆர்வம் எதற்கு என்று நீ கேட்கலாம், ஆனாலும் கேட்டேன். "கொழும்புக்கு அனுப்புவம். எல்லா இடத்தில இருந்தும் வாறதைச் சேர்த்துப் பாப்பினம். மருந்து வெளியில வந்தாப் பிறகும் இப்பிடித்தான் அதைக் கவனிக்கிறது" என்றார். வேகம் என்ற இடத்தில், வழக்கமான வேகம் என்று எழுதினார். என் வாயிலிருந்து வந்த பொய் ஒரு நல்ல பிள்ளையின் கையெழுத்தோடு கொழும்புக்குப் போனது. கூட்டத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. தலைவராக வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து நீ லீவில் வந்தாய். அம்மா நடந்ததைச் சொன்னாள், சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பயமும் இருந்தது, அதற்கு மேலே வேறு ஒன்றும் இருந்தது. சின்ன வயதில் தண்ணீர் பிடிக்கும் பீலியில் புது மாதிரிப் பூச்சி ஏதாவது கண்டால் வரும் முகம். "அம்மா, ஒங்களுக்கு ஏத்துனது என்னான்னு தெரியுமா? நான் படிக்கிறதே அதத்தான்" என்றாய். அந்த மூன்று நாளும் நம் அடுப்படியில் நடந்த பேச்சு போல நம் வீட்டில் எப்போதும் நடந்ததில்லை. இரும்பை அப்படியே ரத்தத்தில் விட்டால் நஞ்சு, அதனால் அதைக் கண்ணுக்கே எட்டாத உருண்டைகளாக்கி, மேலே சர்க்கரையைப் போர்த்தி அனுப்புகிறார்கள் என்றாய். ஒரு தலைமயிரின் அகலத்தில் ஆயிரக்கணக்கான உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம் என்றாய். நுண்துகள் மருந்து என்று அதற்குப் பெயரும் சொன்னாய். அவ்வளவு சின்னதாக இருந்தால் நல்லதுதானே, உறுத்தாதே என்று அம்மா கேட்டாள். நீ பதில் சொல்வதற்கு முன்னால் நான் குறுக்கே வந்தேன். ஒரே கொழுந்தைப் பெரிய இலையாக வைத்தால் சாயம் இறங்க நேரமெடுக்கும், டஸ்டாக அரைத்தால் தண்ணீர் பட்டவுடனேயே இறங்கிவிடும், சின்னதானால் குணமே மாறும் என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்து, "அப்பா, இதச் சொல்ல எங்களுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தாங்க" என்றாய். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், நினைவிருக்கிறதா? அந்த உருண்டை உள்ளே போய் எங்கே தங்கும்? ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்புக்குள்ளும் குப்பை பொறுக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன, அவை விழுங்கிவிட்டு இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் என்றாய். விழுங்க முடியாத சரக்கைத் தந்தால்? அதுதான் அப்பா நாங்கள் பார்ப்பது என்றாய். நஞ்சா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நீ சொன்னதை இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். முதலில் தட்டில் வளர்த்த அணுக்கள்மேல் ஊற்றிப் பார்ப்போம், செத்ததா பிழைத்ததா என்பதை ஒரு நிறத்தை வைத்துக் கருவி சொல்லும், ஆனால் மருந்தே கறுப்பு என்பதால் கருவி ஏமாந்துவிடும், அதனால் அணுவே இல்லாத தட்டு ஒன்றிலும் மருந்தை மட்டும் ஊற்றி அளந்து பார்ப்போம் என்றாய். பிறகு விருப்பப்பட்டுத் தருகிறவர்களின் ரத்தத்தில் கலந்து பார்ப்போம் என்றாய். ஒருமுறை எல்லாத் தட்டிலும் அணுக்கள் கொந்தளித்து, ஒரு நல்ல துகளை மோசமானது என்று நீ எழுதியே விட்டதையும், கடைசியில் குற்றவாளி துகள் அல்ல, அதைக் கரைத்த தண்ணீரில் ஒட்டியிருந்த கிருமியின் மிச்சம்தான் என்று தெரிந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். "பாவம், அந்தத் துகள் மேல ரெண்டு மாசம் பழி போட்டுட்டேன்" என்றாய். அம்மா சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். "அப்பா, ரெண்டு தடவையும் ஒரே வேகத்துலதானே ஏத்துனாங்க? நடுவுல வேகம் மாறலியே?" பிறகு ஏன் கேட்கிறாய் என்பதையும் பொறுமையாக விளக்கினாய். வேகமாகப் போயிருந்தால் உடம்பின் காவல் ஏற்பாடு அந்தத் துகள்களைக் கிருமி என்று நினைத்துக் கூச்சல் போடலாம். அது முதல் தடவையிலும் வரலாம், பத்தாம் தடவையிலும் வரலாம். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அதே வேகத்தில் முதல் தடவை ஒன்றுமில்லாமல் இரண்டாம் தடவை வந்திருந்தால், உடம்பு அந்த மருந்தை அடையாளம் வைத்துக்கொண்டு எதிர்க்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தாகலாம். இவ்வளவையும் விளக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய்.

"இல்லப்பா. அதே வேகந்தான்" என்றேன்.

டொக்டரிடம் சொன்னது முதல் பொய். பயத்தில் வந்தது என்று அதற்கு ஒரு சாக்காவது சொல்லலாம். இது அப்படியில்லை. இந்தப் பதிலை வைத்து நீ என்ன முடிவுக்கு வருவாய் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். தேயிலைத் தூளைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு வியந்த பிள்ளை முன்னால் சின்னவனாகிவிடக் கூடாது என்று இருந்தது. நீ உடனே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, இந்த மருந்து அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, இனி ஏற்றக் கூடாது என்று கையெழுத்துப் போட்டு அவள் கிளினிக் கொப்பிக்குள் வைத்தாய். ஒழுங்கான பிள்ளையாக, எனக்கு ஆறுதலும் சொன்னாய்.

உனக்கு எட்டு வயதில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் போக மனமில்லாமல் காய்ச்சல் என்றாய். டிஸ்பென்சரியில் மருந்துக்காரர் காய்ச்சல் பார்க்கும் கருவியை உன் வாயில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதும், அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீருக்குள் அதை முக்கினாய். படீரென்று வெடித்தது. அன்று உன்னை அடித்தேன். அதோடு விடாமல், மறுநாள் காலையில் நீயே தனியாகப் போய் அவரிடம் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினேன். வழி முழுக்க அழுதுகொண்டே போனாய். போகத்தான் போனாய். நீ சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு என்னைப் படாதபாடு படுத்தியது அந்த அழுகைதான். எட்டு வயதுப் பிள்ளை போன வழியில் நான் போகாமல் இருந்தேன்.

அம்மாவுக்கு மாத்திரையும் இல்லை, ஏற்றும் மருந்தும் இல்லை. கீரை, ஈரல் என்று நான் வாங்கிக் கொடுத்தது எதுவும் அந்த அளவுக்குப் போதவில்லை. மழை விட்ட ஒரு காலை வேளையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கு ஏறும் வழியில் அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று கங்காணி ஆள் அனுப்பினார். ஓடினேன். கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மற்ற பெண்கள் போன பிறகு சன்னமான குரலில் பேசினாள்.

"எத்தன நாளைக்குங்க இப்புடி? நீங்க போயி சொல்றீங்களா, நான் போயி சொல்லவா?"

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா ஒங்கள அங்க எல்லாரும் பாப்பாங்க. அது எனக்கு புடிக்கல. ஆனா அந்தப் புள்ள அப்புடி முழிச்சிக்கிட்டு நின்னுச்சே, அது இன்னும் என் கண்ணுலயே இருக்கு."

தாதியைத்தான் சொன்னாள். மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகப் பதுளைக்குப் போனேன். அதே டொக்டர் இருந்தார். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "நோயாளி வரலீங்க, நான்தான் வந்திருக்கேன். அன்னைக்கு அந்தச் சக்கரத்த நான்தான் தள்ளுனேன். எவ்வளவு தள்ளுனேன்னு சரியா தெரியாது. சொட்டு தார மாதிரி ஓடுச்சு" என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். பிறகு கேள்விகளாகக் கேட்டார். எத்தனை நிமிடம் ஓடியது? திரும்ப இறக்கியதும் அடைப்பு எவ்வளவு நேரத்தில் குறைந்தது? அவர் கோபப்படாமல் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் கூசியது. கடைசியில், "ஐயா, மனிசியின்ர உயிரோட விளையாடிப்போட்டீங்கள். ஆனா இப்ப நீங்கள் வந்து சொன்னது பெரிய உதவி" என்றார். கொழும்புக்குப் போன தாளைத் திருத்தி இன்னொரு தாள் எழுதினார். அதில் என் சொல்லையே போட்டார், கூட வந்தவர் வேகத்தைக் கூட்டினார் என்று.

தாதியைத் தேடிப்போனேன். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சொன்னேன். அவள் அலமாரியைப் பூட்டினாள். பிறகு, "ஐயா, அந்த நாள் இருந்து நான் மூணு தடவை எண்ணுறது. ரெண்டு தடவை எண்ணினா எனக்கு நம்பிக்கை இல்ல" என்றாள். அவள் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான். திரும்ப மூன்று தடவை எண்ணப் போய்விட்டாள்.

டொக்டர் பெரிய டொக்டரோடு கலந்து பேசி, அம்மாவை வரச் சொல்லி, அவளிடமே எல்லாவற்றையும் விளக்கினார். வேகம்தான் காரணமாக இருக்கக் கூடும், நிச்சயம் என்று சொல்ல முடியாது, மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததாகவும் இருக்கலாம், பக்கத்திலேயே நின்று மிக மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம், விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். "அம்மாட்டத்தான் கேட்டனான்" என்றார். அம்மா யோசித்தாள். நீ எழுதிய தாளை எடுத்து நீட்டி, இதை எழுதியவனுக்கு உண்மை தெரியாது என்றாள். பிறகு ஏற்றச் சொன்னாள். உனக்குச் சொல்லாமல் செய்தோம். சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அன்றைக்கு எனக்குத் துணிவு இல்லை.

மூன்றாவது தடவை ஏற்றிய அன்று என்னை உள்ளே விட்டார்கள், ஆனால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கச் சொன்னார்கள். தாதி குழாயைச் சரிசெய்துவிட்டு என் கையைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டொக்டர் கதிரை போட்டு உட்கார்ந்தார். சொட்டு விழுந்தது, வெகுநேரம் கழித்து அடுத்தது விழுந்தது. காலையில் தொடங்கியது மதியச் சாப்பாடு வரும் வரைக்கும் ஓடியது. நடுவில் ஒருமுறை அம்மா உள்ளங்கை கதகதக்கிறது என்றாள். உடனே நிறுத்திப் பார்த்தார்கள், அடங்கியது, இன்னும் மெதுவாகத் தொடங்கினார்கள். வேறொன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை ஏற்றியாகிவிட்டது. போன வாரம் மலைக்கு நிற்காமல் ஏறினாள் என்று கங்காணியே சொன்னார்.

இதைப் படித்ததும், அப்படியானால் வேகம்தான் காரணம் என்று நீ முடிவுகட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பாய். டொக்டரும் அப்படித்தான் சொன்னார். அம்மாவின் உடம்பு கொஞ்சம் கூச்சமானது, அதோடு நான் செய்ததும் சேர்ந்துகொண்டது என்று நினைப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. அணு இல்லாத தட்டு வைத்து அளக்கிறீர்கள், தண்ணீரைக்கூடச் சந்தேகப்படுகிறீர்கள். நாளைக்கு நீ ஆராயும் மருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது, ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் என்னைப்போல ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவசரக்காரன், மானத்துக்குப் பயந்தவன். அவனை எந்தத் தட்டில் வைத்து அளப்பீர்கள்? கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். டொக்டர் முதல் நாள் கேட்டபோது கோபிக்கவில்லை என்று சொல்லிக் கேட்டார். அப்படிக் கேட்டும் நான் சொல்லவில்லை. கோபத்தோடு கேட்டிருந்தால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன். ஆகவே நீ யாரிடம் எதைக் கேட்டாலும், அவன் இரண்டாம் தடவை வந்து சொல்வதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்துக் கேள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பத்து வருஷம் கழித்துத் தெரியக்கூடிய கெடுதல் ஏதாவது அந்தத் துகள்களில் இருந்தால் இப்போதே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அன்று உன்னிடம் கேட்டேன். எல்லாத் துகளுக்கும் அது இன்னும் எங்களுக்குத் தெரியாது அப்பா என்றாய். நம் தோட்டத்தில் தெரியாது என்று சொன்ன பெரிய மனிதனை நான் பார்த்ததே இல்லை. நானும் சொன்னதில்லை. அதை எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொல்லப் பழகினாய் என்று அடுத்த முறை வரும்போது எனக்குச் சொல். கற்றுக்கொள்கிற வயதுதான் எனக்கு இன்னும்.

உன் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். அந்த இரண்டாவது நாள் அம்மாவுக்கு எப்படி வந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. அது அவள் உடம்பு. அவளையே சொல்லச் சொல்லி, ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே எழுதுகிறேன்.

"தம்பி, மொதல்ல வந்தது சூடு. ரெண்டு காதும் அடுப்புகிட்ட வச்ச மாதிரி சுட்டுச்சு. பெறகு முதுகுல, இடுப்புக்கு மேல, யாரோ கைய வச்சு அழுத்துற மாதிரி. நெஞ்சு அடைச்சது கடைசியிலதான். அப்பா நெஞ்சுதான் மொதல்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, ஏன்னா நான் நெஞ்சுன்னு சொன்னப்பதான் அவரு திரும்பி பாத்தாரு. அதுக்கு முன்னாடியே காது சுடுதுன்னு ரெண்டு தடவ சொன்னேன். அவரு சுவத்துல இருந்த மணிக்கூட்ட பாத்துக்கிட்டு இருந்தாரு. இப்ப இத எழுதுறப்பதான் அவருக்கே தெரியுது, பேனாவ நிறுத்திட்டு ஒக்காந்திருக்காரு. எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். அப்பாவ திட்டாத தம்பி. ஆனா எழுதிக்க."